எந்த மரக்காலால் அளந்தது?

விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி வட்டத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூரில் நடந்த வேதக் கல்லூரியின் கணக்கைத் தருகிறது. மாணவர்கள் 340 பேர். ஆசிரியர்கள் 14 பேர். இளநிலையில் 270 மாணவர்கள், மேல்நிலையில் 70 மாணவர்கள். இருக்கு வேதம் பயில்வோர் 75 பேர், இரூபாவதாரம் என்னும் இலக்கணம் பயில்வோர் 40 பேர், பிரபாகர மீமாம்சை பயில்வோர் 35 பேர், வேதாந்தம் பயில்வோர் 10 பேர் எனத் துறைவாரியாகப் பிரித்துச் சொல்லப்பட்டுள்ளது. இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல்நிலை மாணவருக்கு 1 குறுணி 2 நாழி.

இத்தனை எண்களுக்கு நடுவே ஓர் எண் இல்லை. எந்த மாணவன் எவ்வளவு கற்றான் என்பதைச் சொல்லும் எண் அது. கொடைக் கணக்கான கல்வெட்டு அதைச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் சோழர் கல்வெட்டுகளின் இன்னொரு வழக்கம் இங்கே நினைக்கத்தக்கது. நெல்லளவைக் குறிக்கும்போது, அது எந்த மரக்காலால் அளந்தது என்பதையும் அவை பல இடங்களில் குறித்துச் செல்லும். இராசகேசரி, ஆடவல்லான், அருமொழிதேவன் என மரக்கால்களுக்குப் பெயர் இருந்தது. 'நூறு கலம்' என்று மட்டும் சொன்னால் அது முழுச் செய்தி ஆகாது என்பது அன்றைய கணக்கனுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் பிள்ளைகள் எண்களோடுதான் வீட்டுக்கு வருகிறார்கள். 600க்கு 487 என்கிறார்கள். 720க்கு 341 என்கிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு ஒரு வாழ்க்கையின் திசை முடிவாகிறது. எந்த மரக்காலால் அளந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

*

அளவைக் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலா மூட்டை ஏற்றி வரும் உழவருக்கு அவை நன்றாகத் தெரியும். அதே மூட்டையை மறுபடி நிறுத்தால் தராசு அதே எடையைக் காட்டுமா? இது முதல் கேள்வி. காட்டுகிற எடை உண்மையான எடைதானா? இது இரண்டாவது. அடியில் மெழுகு வைத்த கள்ளப்படி நூறு முறை அளந்தாலும் ஒரே அளவைத்தான் தரும். அது மாறாத படி. ஆனால் நேர்மையான படியன்று.

கல்வியியல் பாடநூல்கள் முதல் பண்பை நம்பகத்தன்மை என்றும் இரண்டாவதை ஏற்புடைமை என்றும் அழைக்கின்றன. ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் இவ்விரண்டுக்கும் இலக்கணம் எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். அந்த மதிப்பெண்ணுக்கு இவ்விரண்டும் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. தேர்வுகளின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் கேள்வியைக் கணக்கால் தீர்க்கலாம் என்பதால் உலகம் அதிலேயே உழைத்தது. இரண்டாவது கேள்வி கடினமானது, சங்கடமானது. அதை ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தது.

நம் மரபு இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கியது என்று சொல்லத் தோன்றுகிறது. தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் தந்து நீளும் சங்கப்பலகை, ஏற்புடைமையில் பழுதே இல்லாத கருவி பற்றிய கனவு. நன்னூலார் மாணாக்கரை மூவகையாகப் பிரித்தபோது அன்னத்தையும் கிளியையும் ஓட்டைக் குடத்தையும் எருமையையும் உவமையாக்கினார். கற்றதைக் கொண்டு மாணவன் என்ன செய்கிறான் என்பதே அவர் பார்வை, எவ்வளவு என்பதன்று. எனினும் கனவையும் உவமையையும் கொண்டு ஆயிரக்கணக்கானோரை வரிசைப்படுத்த முடியாது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி, தேர்வு அரசுப் பணிக்கான வாயிலான பின், எண் தவிர்க்க முடியாததாயிற்று.

*

அந்த எண்ணை முதன்முதலில் ஐயத்தோடு நோக்கியவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் எட்ஜ்வர்த் என்னும் பொருளியல் அறிஞர். 1888இலும் 1890இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், போட்டித் தேர்வுகளில் தற்செயலுக்கு எவ்வளவு பங்குண்டு என்று ஆராய்ந்தன. ஒரே இலத்தீன் உரைநடைப் பகுதியைத் தேர்ந்த திறனாளர்கள் 28 பேர் மதிப்பிட்டபோது, நூற்றுக்கு 45 முதல் 100 வரை மதிப்பெண்கள் விழுந்தன. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பினர். ஒருவர் 50 போட்ட தாளுக்கு மற்றொருவர் 97 போட்டிருந்தார். மொழிப்பாடம் அப்படித்தான் என்று சிலர் சொல்ல, மறு ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினர். வேறுபாடு இன்னும் மிகுந்தது.

இவ்வரிசையில் நமக்கு நெருக்கமான பெயர் பிலிப் ஹார்டாக். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர். சைமன் குழுவின் துணைக்குழுவுக்குத் தலைமையேற்று 1929இல் இந்தியக் கல்வி பற்றி அறிக்கை தந்தார். 1922-23இல் முதல் வகுப்பிலிருந்த 100 குழந்தைகளில் 18 பேரே மூன்றாண்டுகளில் நான்காம் வகுப்பை எட்டினர் என்று அவ்வறிக்கை கணக்கிட்டது. விரயம், தேக்கம் என்னும் இரு சொற்களை நம் கல்விப் பேச்சில் நிலைநிறுத்தியது அதுவே. பழைய இந்தியாவின் எழுத்தறிவு பற்றிக் காந்தியடிகளுடன் வாதிட்டு, எண்களைக் காட்டுங்கள் என்று கேட்டவரும் இவரே.

எண்ணில் அத்தனை நம்பிக்கை கொண்ட அந்த மனிதர், 1935இல் ரோட்சு என்பவருடன் சேர்ந்து தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்தினார். நடுத்தரமான ஒரே மதிப்பெண்ணை முன்பு பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை அனுபவமிக்க தேர்வாளர்களிடம் தந்தார். ஓராண்டுக்கு மேல் கழித்து, அதே தாள்களை அவர்களில் 14 பேரிடமே மீண்டும் தந்தார். மொத்தம் 210 முடிவுகள். அவற்றில் 92 முடிவுகள் மாறிவிட்டன. தேறியவர் தவறினார், தவறியவர் தேறினார். மாறியது மாணவனன்று, தேர்வாளரின் கை.

விடைத்தாள் திருத்தும் முகாமில் அமர்ந்த எவருக்கும் இது வியப்பளிக்காது. காலையில் கட்டு பிரிக்கும்போது உள்ள கை வேறு. மாலையில் கடைசித் தாளைப் புரட்டும் கை வேறு. மிகச் சிறந்த தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் தன் தகுதிக்கும் கீழே விழும். விடைக்குறிப்பும் முதன்மைத் தேர்வாளரின் மேற்பார்வையும் இந்த அலைவைக் குறைக்கின்றன, ஒழிப்பதில்லை. விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் கேட்டுப் பெறலாம் என்பது, அளவை அலையும் என்பதை அமைப்பே ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

இந்த அலைவுக்கு உலகம் கண்ட மருந்து, பல விடைகளிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்யும் கொள்குறி வினா. திருத்தும் கை எந்திரமாகிவிட்டால் அது சலிப்பதில்லை. ஸ்பியர்மன் 1904 முதல் வகுத்த கணக்குகளும் குரோன்பாக் 1951இல் தந்த ஆல்பா என்னும் குணகமும் நம்பகத்தன்மைக்கு ஓர் எண்ணைக் கொடுத்தன. முதல் கேள்வி பெரும்பாலும் தீர்ந்தது. அது தீர்ந்ததையே இரண்டாவது கேள்வியும் தீர்ந்ததாகக் கொண்ட மயக்கம் அங்கேதான் தொடங்கியது.

*

அந்த மயக்கத்தின் முதல் பலி, அறிவுத்திறன் சோதனை. பாரிசில் ஆல்பிரட் பினே 1905இல் இதை உருவாக்கியபோது, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டு உதவுவதே நோக்கம். அதே கருவி அமெரிக்கா சென்றதும் இனங்களை வரிசைப்படுத்தும் கோலாயிற்று. முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு நடத்திய சோதனைகளை வைத்து, தென், கிழக்கு ஐரோப்பியர் அறிவில் தாழ்ந்தவர் என்று கார்ல் பிரிகாம் 1923இல் ஒரு நூல் எழுதினார். அந்த வினாக்கள் அளந்தது அறிவையா, அமெரிக்க வாழ்க்கையோடும் ஆங்கிலத்தோடும் உள்ள பழக்கத்தையா? 1930இல் பிரிகாமே தம் முடிவுகளுக்கு அடிப்படையில்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் 1924ஆம் ஆண்டுச் சட்டம் வந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவுக்கு வந்த பினே சோதனையை லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் இந்துஸ்தானிக்கும், தார்வாடில் காமத் மராத்திக்கும் கன்னடத்துக்கும் மாற்றியமைத்தனர். சொற்களை மட்டும் பெயர்த்தால் போதாது, குழந்தையின் உலகத்தையும் பெயர்க்க வேண்டும் என்பது அப்பணியில் இறங்கியவர்கள் விரைவில் கண்ட உண்மை.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று போதும். திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் இருளர் குடியிருப்புகள் பல உள்ளன. செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய்த் திரும்பும் இருளர் குழந்தை பள்ளியின் எழுத்துத் தேர்வில் பின்தங்குகிறது. 'மந்தம்' என்று அதன் பெயருக்கு எதிரே குறிப்பு விழுகிறது. அதே சமூகத்தவரான மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்குள்ள சதுப்பு நிலங்களில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துத் தரும் திறன் அவர்களிடம் இருந்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தடம் பார்த்தல், புதர் பார்த்தல், எச்சம் பார்த்துக் காலம் கணித்தல் எல்லாம் கூர்ந்து நோக்கி முடிவுக்கு வரும் அறிவின் தொழிற்பாடுகளே. நம் வினாத்தாளில் அவற்றுக்குக் கோடிட்ட இடம் இல்லை. கருவி காணாததை இல்லாதது என்று எழுதிவிடுகிறோம்.

*

தமிழ்நாட்டில் இந்த வழக்கு மருத்துவக் கல்லூரி வாசலில்தான் கூர்மையடைந்தது. அதன் வரலாறு நீட் தேர்வோடு தொடங்கியதன்று.

1960களில் மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைக்கேற்பப் பகிர்ந்தளிக்கும் முறை சென்னை மாநிலத்தில் இருந்தது. ஒரு மாவட்டத்தில் இடம் பெறுபவரைவிடத் தகுதி மிக்கவர் மற்றொரு மாவட்டத்தில் இடமிழக்க நேரும் என்று கூறி உச்ச நீதிமன்றம் 1968இல் அதைத் தள்ளுபடி செய்தது. தகுதி என்பது முன்னரே அளந்து வைத்த ஒன்று என்னும் கருத்து அத்தீர்ப்பின் அடியில் இருந்தது. அடுத்து நேர்முகத் தேர்வு. விளையாட்டு, உடல் உறுதி, பொது அறிவு, நாட்டம் ஆகியவற்றுக்கென 75 மதிப்பெண்களைக் குழுவினர் தம் மனம்போல் வழங்க முடிந்தது. பெரியகருப்பன் வழக்கில் அதுவும் உச்ச நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளானது. ஆள் பார்த்து விழும் மதிப்பெண்ணுக்கு மாற்றாகவே 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது. அன்று அது ஒரு சீர்திருத்தம். பரிந்துரைக் கடிதம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எந்திரம் திருத்தும் தாள் ஒரு பாதுகாப்பாகவே தெரிந்தது.

இருபதாண்டுகளில் அதன் மறுபக்கம் தெரிந்தது. பயிற்சி மையங்கள் பெருநகரங்களிலும் நாமக்கல் போன்ற பள்ளி நகரங்களிலும் பெருகின. கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டாத் தொலைவு. 2005இலும் 2006இன் தொடக்கத்திலும் தேர்வை நீக்க எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஏற்றுப் புதிய சட்டம் இயற்றப்பட்டு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, 2007 முதல் நுழைவுத் தேர்வு நீங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவையாயிற்று. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்யவும் அச்சட்டம் வழி வகுத்தது.

அந்த மரக்காலுக்கும் அடியில் மெழுகு இருந்தது என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். பாடநூலின் பின்பக்க வினாக்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் முழு மதிப்பெண். பதினோராம் வகுப்பைத் தாண்டிக் குதித்துப் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டாண்டு நடத்திய தனியார் பள்ளிகள். நினைவாற்றலை அளந்து அதற்கு அறிவியல் என்று பெயரிட்டோம். நீட் தேர்வை ஆதரிப்போர் இதைச் சுட்டும்போது அதில் உண்மை உண்டு. ஒரு கருவி பழுது என்பதால் மற்றொன்று சரி என்று ஆகிவிடாது என்பதே நாம் சேர்க்க வேண்டியது.

2018ஆம் ஆண்டு நீட் தேர்வைத் தமிழில் எழுதியோர் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அத்தாளில் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழைபட்டிருந்தது என்று மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். சிறுத்தை என வரவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று இருந்தது. ஆங்கில ஒலி அப்படியே தமிழ் எழுத்தில் வந்து அமர்ந்துவிட்டது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க 2018 சூலையில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் சில நாள்களில் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் ஆணையையே நீக்கியது. தமிழ்த் தாளோடு ஆங்கில வடிவமும் தரப்பட்டிருந்தது. ஐயம் எழின் ஆங்கிலமே முடிவானது என்பது தேர்வு விதி.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே சட்டத்தைவிட அளவையே முதன்மையாகப் படுகிறது. 196 மதிப்பெண்ணை எல்லாருக்கும் வாரி வழங்குவது பழுதைத் திருத்தாது. தராசுத் தட்டில் கல் வைப்பதாகும். அதனால் உச்ச நீதிமன்றத்தின் தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த மாணவர்களை அளந்த கருவி மற்றவர்களை அளந்த கருவி அன்று என்ற உண்மை தீர்ப்புக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. ஐயம் வந்தால் ஆங்கிலத்தைப் பார் என்பது, தமிழில் எழுதலாம் என்ற வாக்குறுதியைப் பாதியில் திரும்பப் பெறுவதற்குச் சமம். உயிரியலை அளக்கப் புகுந்த தாள் ஆங்கிலத்தை அளந்து முடிந்தது.

2021இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை சில எண்களைத் தந்தது. மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் மீண்டும் எழுதி வந்தவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. ஊரகப் பிள்ளைகளின் பங்கும் தமிழ் வழிப் பிள்ளைகளின் பங்கும் குறைந்தன. முதல் எண்ணைச் சற்று நின்று யோசிக்கலாம். ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் மதிப்பெண் ஏறுகிறதென்றால், மருத்துவராகும் தகுதி அந்த ஓராண்டில் வளர்ந்ததா, தேர்வெழுதும் திறன் வளர்ந்ததா? இரண்டாவதுதான் என்றால் அத்தேர்வு அளப்பது, ஓராண்டைச் செலவிட முடிந்த குடும்பத்தின் கைவளத்தையும் சேர்த்துத்தான்.

எந்திரம் திருத்தினாலும் அலைவு முற்றும் ஒழிவதில்லை என்பதை 2024 காட்டியது. அணு பற்றிய ஒரே ஓர் இயற்பியல் வினாவுக்குப் பழைய பாடநூற்படி ஒரு விடையும் புதிய பாடநூற்படி மற்றொரு விடையும் சரியெனக் கொள்ளப்பட்டன. தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஒரு விடையே சரி என்றதும், 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் 5 மதிப்பெண் இழந்தனர். 720க்கு 720 பெற்றோர் 61 பேரிலிருந்து 17 பேராகக் குறைந்தனர். ஒற்றை மதிப்பெண் இடைவெளியில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் தரவரிசையில், இந்த 5 மதிப்பெண்ணின் கனம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

*

மாணவரை அளக்கும் கோலைக் கொண்டே மாவட்டத்தையும் அளக்கிறோம். 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம், பொதுத்தேர்வு முடிவு வரும் நாள்களில் பட்டியலின் அடியில் நின்று பழகிய மாவட்டம். 2018 பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் விருதுநகர் 97.05 விழுக்காட்டோடு முதலிடம், விழுப்புரம் 83.35 விழுக்காட்டோடு கடைசி. நாளிதழ்களில் 'பின்தங்கியது' என்று தலைப்பு வந்தது. எதை அளந்தார்கள்? அன்று கல்வராயன் மலையும் இம்மாவட்டத்தில் இருந்தது. 2019இல்தான் அது கள்ளக்குறிச்சியோடு போயிற்று. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடு, விழுப்புரத்தில் 71.88. வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கற்கும் பிள்ளை 83 பேரோடு சேர்ந்து தேறியதை, மூன்றாம் தலைமுறைப் படிப்பாளியின் வீட்டு எண்ணோடு ஒரே கோட்டில் வைத்தால் கிடைப்பது பள்ளியின் அளவன்று, தாத்தாக்களின் அளவு.

இத்தகைய அளவீடு தான் அளப்பதையே கெடுக்கவும் வல்லது. ஒரு சமூக அளவுகோல் எவ்வளவுக்கு முடிவெடுக்கப் பயன்படுகிறதோ அவ்வளவுக்கு அது ஊழலுக்கு ஆளாகும் என்று டொனால்டு காம்பெல் 1976இல் எழுதினார். தேர்ச்சி விழுக்காட்டுக்காக விளக்கம் கேட்கப்படும் பள்ளி என்ன செய்யும்? தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டால் விழுக்காடு உயரும். எண் நன்றாயிருக்கும், பையன் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருப்பான்.

சாமுவேல் மெசிக் என்னும் அளவையியல் அறிஞர் 1989இல் ஏற்புடைமைக்கு விரிந்த பொருள் தந்தார். ஏற்புடைமை தேர்வுத் தாளில் இல்லை. மதிப்பெண்ணிலிருந்து நாம் பெறும் முடிவிலும், அம்முடிவால் விளையும் பயன்களிலும் இருக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். அப்படியானால் தேர்வு முடிந்த பிறகுதான் அதன் தேர்வு தொடங்குகிறது.

இதற்குப் பெரும் புரட்சி தேவையில்லை. ஹார்டாக் செய்ததைத் தேர்வுத் துறைகள் ஆண்டுதோறும் செய்யலாம். சில நூறு விடைத்தாள்களை, பெயரும் பழைய மதிப்பெண்ணும் மறைத்து, மீண்டும் திருத்தி, வேறுபாட்டை வெளியிடலாம். வினாத்தாளைத் தமிழில் பெயர்த்தபின் மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். மதிப்பெண் பட்டியலில் 487 என்பதற்கு அருகே, இவ்வெண் இத்தனை மதிப்பெண் ஏறவோ இறங்கவோ கூடும் என்று ஒரு வரி அச்சிடலாம்.

எண்ணாயிரம் இருக்கும் அதே விக்கிரவாண்டி வட்டத்தில், முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நுழைவுத் தேர்வே இல்லாத ஆண்டுகளில் சேர்ந்தவர்களும் நீட் எழுதிச் சேர்ந்தவர்களும் அங்கே படித்து மருத்துவராகிவிட்டனர். இருவேறு மரக்கால்களால் அளந்து எடுத்த நெல் அது. யார் எப்படிப் பயின்றனர், யார் மரக்காணத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தனர், யார் வரவில்லை என்று தொடர்ந்து கணக்கெடுத்தால் எந்த மரக்கால் மெய்யானது என்ற வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன் மாணவர்க்கு அளந்த நெல்லைக் கல்லில் வெட்டி வைத்த வட்டாரத்தில், இந்தக் கணக்கைத் தாளிலாவது எழுதி வைப்பது இயலாத காரியமன்று.